பிள்ளை வந்து சொல்லுமா?

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 டிசம்பரில் ஒரு யோசனையை முன்வைத்தது. பதினாறு வயது நிரம்பாதவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று ஆஸ்திரேலியா சட்டம் செய்திருக்கிறது. அதுபோன்ற ஒரு சட்டத்தை மத்திய அரசும் பரிசீலிக்கலாம் என்றனர் நீதிபதிகள் ஜி. ஜெயச்சந்திரனும் கே.கே. ராமகிருஷ்ணனும். இணையத்தில் ஆபாசம் குழந்தைகளின் கைக்கு எளிதாக எட்டுகிறது என்று 2018-ல் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் வந்த யோசனை இது. அப்படியொரு சட்டம் வரும்வரை விழிப்புணர்வுப் பணியைத் தீவிரப்படுத்துங்கள் என்றும் அதிகாரிகளுக்குச் சொன்னார்கள்.

சென்னைப் புறநகரில் இருக்கும் எங்கள் அஸ்தினாபுரத்துப் பெற்றோரிடம் கேட்டால் பெரும்பாலோர் இதற்கு உடனே கை தூக்குவார்கள். அவர்களுடைய தவிப்பு எனக்குப் புரிகிறது. இங்கே பல வீடுகளில் அப்பா கிண்டியிலோ ஓ.எம்.ஆரிலோ வேலை பார்க்கிறார். அம்மா தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு ஷிப்டுக்குப் போகிறார். பள்ளி முடிந்து பிள்ளை நாலு மணிக்கு வந்துவிடும். பெற்றோர் குரோம்பேட்டையில் ரயில் இறங்கி, ராஜேந்திர பிரசாத் சாலை நெரிசலில் ஷேர் ஆட்டோ ஊர்ந்து, வீடு வந்து சேர ஏழரை, எட்டு ஆகிவிடுகிறது. இடையில் கிடக்கும் அந்த நேரத்துக்காகத்தான் பிள்ளை கையில் போனைக் கொடுத்தோம். டியூஷனிலிருந்து வந்துவிட்டேன் என்று சொல்லவும், பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வரும் வீட்டுப்பாடத்தைப் பார்க்கவும் அது வேண்டியிருந்தது. பாதுகாப்புக்கென்று கொடுத்த பொருளே வயிற்றில் நெருப்பைக் கட்டிவிட்ட பிறகு, அரசாங்கமே தடை போட்டால் நல்லது என்று தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் பெற்றோரின் மனதை ஆற்றும் ஏற்பாடு பிள்ளையையும் காக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதைத் தனியாக எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் எதை ஆபத்து என்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஒன்று, முகம் தெரியாத ஆள். ஃபேக் ஐடியில் வந்து, நாலு நாள் அன்பாகப் பேசி, ஒரு படம் வாங்கி, பிறகு அந்தப் படத்தைக் காட்டியே மிரட்டுகிறவன். இரண்டு, தெரிந்த ஆட்கள். வகுப்புத் தோழர்களே படத்தை வெட்டி ஒட்டிக் குழுவில் போடுவதும், பெயர் வைத்துக் கேலி செய்வதும். மூன்றாவது ஆபத்துக்கு ஆளே கிடையாது. எந்தப் படத்தில் பிள்ளையின் விரல் ஒரு நொடி கூடுதலாக நின்றதோ, அதைப் போலவே இன்னும் நூறு படங்களைக் கொண்டுவந்து நிறுத்தும் செயலியின் கணக்குப்போடும் மூளைதான் அது. இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. ‘சோஷியல் மீடியா கெடுக்கிறது’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசும்போது எதற்கு மருந்து தேடுகிறோம் என்பதே மறந்துவிடுகிறது.

நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒரு கேள்விதான். சிக்கலில் மாட்டிய இரவில் அந்தப் பிள்ளை வீட்டில் வந்து சொல்லுமா? ஒரு சட்டமோ ஒரு செயலியோ வீட்டின் ஒரு கட்டுப்பாடோ, பிள்ளை வந்து சொல்வதை எளிதாக்கினால் அது பாதுகாப்பு. சொல்ல முடியாதபடி செய்தால், எவ்வளவு கண்டிப்பாகத் தெரிந்தாலும் அது மிரட்டுகிறவனுக்கே கைகொடுக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தமிழ்நாடு இதற்கு ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. 2016 ஜூனில் சேலம் மாவட்டம் இளம்பிள்ளைப் பகுதியில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி முகநூலில் போட்டார்கள். குடும்பம் காவல் துறையிடம் போனது. நடவடிக்கைக்குப் பதிலாகத் தாமதம் வந்தது. ஒரு காவலர் செல்போனை லஞ்சமாக வாங்கியதும் வெளிவந்தது. இன்னொரு படமும் இணையத்தில் ஏறியது. அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை, பெற்றவர்களே நம்பவில்லையே என்ற வேதனை அவள் விட்டுச்சென்ற கடிதத்தில் இருந்தது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவளுக்கு வயது 21. குழந்தை இல்லை, படித்த பெண். அவளுக்கே வீட்டிலும் காவல் நிலையத்திலும் இந்த நிலை என்றால், பதினாலு வயதுப் பிள்ளை யாரை நம்பி வாய் திறக்கும்?

பொள்ளாச்சியில் நடந்தது இன்னும் பெரிது. சமூக ஊடகம் வழியாகப் பெண்களிடம் பழகி, வரவழைத்து, வன்கொடுமை செய்து, அதைப் படம் பிடித்து மிரட்டிய கும்பல் அது. ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்த பிறகுதான் 2019 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தது. எத்தனையோ பேர் மிரட்டப்பட்டும் அதுவரை ஏன் வெளியே வரவில்லை? அந்தக் கும்பலின் முதலீடே குடும்பத்தின் சினம்தான். ‘வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்’ என்ற ஒரு வரியை வைத்து அவர்கள் பிழைத்தார்கள். துணிந்து வந்த அந்தப் பெண்ணுக்கு அரசு தரப்பில் என்ன கிடைத்தது தெரியுமா? மாவட்டக் காவல் அதிகாரி அவளுடைய அடையாளத்தை வெளியிட்டார். அரசாணையிலும் பெயர் அச்சானது. அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. ஆறு ஆண்டு ஓடிய அந்த வழக்கில் சாட்சி சொன்ன ஒருவரும் பிறழவில்லை. கும்பலை உடைத்தது எந்தச் செயலியின் பாதுகாப்பு வசதியும் இல்லை. ஒருத்தி பேசினாள், பிறகு மற்றவர்கள் பேசினார்கள்.

இந்த அளவுகோலோடு தடையைப் பார்ப்போம். ஆஸ்திரேலியச் சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10-ல் அமலுக்கு வந்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், த்ரெட்ஸ், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெடிட், கிக், ட்விட்ச் ஆகியவை அதற்குள் வருகின்றன. சிறுவர்களின் கணக்குகளைத் தடுக்க நியாயமான முயற்சி எடுக்காத நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். கணக்கு வைத்திருந்த பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை ஒன்றும் கிடையாது. இந்தச் சட்டத்தில் நான் முழு மனதோடு பாராட்டுவது இதைத்தான். நம் ஊரில் இத்தகைய எந்தப் பேச்சும் ‘பெற்றோர் கவனிப்பதில்லை’ என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. கோடிகளில் லாபம் பார்க்கிறவனை விட்டுவிட்டு, ஷிப்டு முடிந்து களைத்து வரும் அம்மாவைக் கூண்டில் ஏற்றுகிறோம். ஆஸ்திரேலியா அந்தச் சுமையை உரியவர் தோளுக்கு மாற்றியது.

தடைக்கு ஆதரவான இன்னொரு வாதமும் வலுவானது. ‘கிளாஸ்ல எல்லாரும் இன்ஸ்டால இருக்காங்க, நான் மட்டும் இல்லை’ என்று பிள்ளை அழும்போது எந்தத் தனிப் பெற்றோராலும் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. எல்லோருக்கும் ஒரே நாளில் கதவு மூடினால் யாருடைய பிள்ளையும் தனித்து நிற்காது. தடை வேண்டும் என்போரின் சிறந்த வாதம் இது. இதற்கு என்னிடம் முழுமையான மறுப்பு இல்லை.

ஆனால் அங்கே எது தடைக்குள் வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் இல்லை, மெசஞ்சர் இல்லை, டிஸ்கார்ட் இல்லை, ரோப்லாக்ஸ் இல்லை. செய்தி அனுப்பவும் விளையாடவும் முதன்மையாகப் பயன்படுபவை என்று அவற்றை விட்டுவைத்தார்கள். நம் வீடுகளில் ஆபத்து பெரும்பாலும் அங்கேதானே குடியிருக்கிறது? இன்ஸ்டாவில் ஆரம்பிக்கும் பழக்கம் இரண்டாம் நாளே ‘நம்பர் குடு’ என்று வாட்ஸ்அப்புக்கு வந்துவிடுகிறது. வகுப்புக் குழுவின் கேலியும் வாட்ஸ்அப்பில்தான். அதோடு, கணக்கே இல்லாமல் யூடியூபைத் திறந்து பார்ப்பதை அந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

தடை எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போகவே வேண்டாம். 2019 ஏப்ரல் 3 அன்று இதே மதுரைக் கிளை, நீதிபதிகள் என். கிருபாகரனும் எஸ்.எஸ். சுந்தரும் அமர்ந்த அமர்வு, டிக்டாக்கைத் தரவிறக்கத் தடை விதிக்கச் சொன்னது. குழந்தைகளின் நலனே காரணம். கூகுளும் ஆப்பிளும் செயலியைக் கடையிலிருந்து எடுத்தன. நிறுவனம் உறுதிமொழி கொடுத்த பிறகு ஏப்ரல் 24-ல் தடை விலகியது. அடுத்த ஆண்டு ஜூன் 29-ல் மத்திய அரசு, நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, டிக்டாக் உள்பட 59 செயலிகளை ஒரேயடியாகத் தடை செய்தது. ஜூலை 8-ல் இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் தொடங்கியது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் இங்கேதான் முதலில் வெள்ளோட்டம் கண்டது. முழுதாகப் பத்து நாள்கூடக் காலியாக இருக்கவில்லை அந்த இடம். கடையின் பெயர்ப்பலகை மாறியது, சரக்கு மாறவில்லை.

என் அளவுகோலில் தடை தோற்பது இன்னோர் இடத்தில். பதினாலு வயதுப் பெண், பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு ஓர் ஐடி திறக்கிறாள் என்று வையுங்கள். இன்றைக்கு அது வீட்டுக்குத் தெரியாத ஒரு சின்னப் பொய். தடை வந்தால் சட்டத்துக்கு எதிரான காரியம் என்று அவள் மனதில் பதியும், தண்டனை இல்லாவிட்டாலும். மிரட்டுகிறவனுக்கு ஓர் ஆயுதம் கூடுதலாகக் கிடைக்கிறது: ‘உனக்கு அக்கவுண்ட் இருப்பதே தப்பு, போலீஸுக்குப் போனால் நீதான் மாட்டுவாய்.’ பெரியவர்களுக்கு இது பொய் மிரட்டல் என்று தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?

சமூக ஊடகம் காப்பாற்றிய கதையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் சென்னை கே.கே. நகரில் ஒரு பள்ளியின் வணிகவியல் ஆசிரியர், ஆன்லைன் வகுப்புகளில் மாணவிகளிடம் நடந்துகொண்ட விதத்தைப் பழைய மாணவிகள் இன்ஸ்டாகிராமில்தான் வெளிக்கொணர்ந்தார்கள். ஆசிரியர் கைதானார். அதைத் தொடர்ந்து மற்றப் பள்ளிகளின் பிள்ளைகளும் எழுதத் தொடங்கினார்கள். கேளம்பாக்கத்தில் உண்டு உறைவிடப் பள்ளி நடத்திய சிவசங்கர் பாபா அடுத்த மாதமே டெல்லியில் கைது செய்யப்பட்டார். ஆன்லைன் வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று மாநில அரசு சொன்னதும் அப்போதுதான். சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று தவித்த பிள்ளைகளுக்கு, பள்ளியும் வீடும் கொடுக்காத இடத்தை அந்தச் செயலி கொடுத்தது. செயலியைப் புகழ இதைச் சொல்லவில்லை. நம்மிடம் அந்த இடம் இல்லாமல் போனது என்பதற்கான சாட்சியாகச் சொல்கிறேன்.

அடுத்து, பெற்றோர் சம்மதம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது அதன் 9-ஆம் பிரிவு. இதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: குழந்தைகளின் நடவடிக்கையைத் தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சம்மதம் என்பது நம் வீடுகளில் எப்படி நடக்கும்? அம்மாவின் போன், அம்மாவின் எண், ஓ.டி.பி. வருவதும் அதே போனில். அந்தப் போன் பிள்ளை கையில். வங்கிச் செயலியையே பிள்ளைதான் அம்மாவுக்குத் திறந்து காட்டுகிறது. அந்த வீட்டில் பெற்றோர் சம்மதம் என்பது பிள்ளை தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் அனுமதியாகவே முடியும். சம்மதம் கேட்பதற்கு முன், எதிரே இருப்பது பிள்ளை என்று நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும். பிள்ளை வயதை மாற்றிச் சொன்னால் சங்கிலி அங்கேயே அறுந்துபோகிறது. அதற்கும் மேலே, பதினேழு வயதில் கல்லூரிக்குப் போகும் பெண் ஒவ்வொரு கணக்குக்கும் அப்பாவிடம் அனுமதி கேட்டாக வேண்டும் என்றால், எந்த வீடுகளில் பெண்ணுக்குப் போனே மறுக்கப்படுகிறதோ அங்கே இந்தச் சட்டம் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டாகும்.

கண்காணிப்புத் தடை அப்படி இல்லை. மேலே சொன்ன மூன்றாவது ஆபத்தின் வேரில் அது கை வைக்கிறது. அந்த வேர் எவ்வளவு ஆழம் என்பது நிறுவனத்துக்கே தெரியும். முன்னாள் ஊழியர் ஃபிரான்சிஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்கள் 2021-ல் அச்சேறின. உடல் தோற்றத்தைப் பற்றிய வேதனையைப் பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருத்திக்கு இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று அவர்களுடைய சொந்த ஆய்வே சொன்னது. பிரிட்டனில் 2017-ல் உயிரை மாய்த்துக்கொண்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் மரண விசாரணை 2022 செப்டம்பரில் முடிந்தபோது, அவள் கேட்காமலேயே செயலிகள் கொண்டுவந்து குவித்த பதிவுகளுக்கு அந்த மரணத்தில் பங்கு உண்டு என்று விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். பெற்றோர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் பிள்ளையின் திரையில் அடுத்து என்ன வரும் என்பதைத் தீர்மானிப்பது அவர்கள் இல்லை. ஆகவே 9-ஆம் பிரிவின் இந்தப் பாதி எனக்குப் பொன். வருத்தம் என்னவென்றால், விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சம்மதத்தைச் சரிபார்க்கும் ஏற்பாட்டுக்கு அவகாசம் தேவை, ஒப்புக்கொள்கிறேன். பிள்ளையைக் குறிவைக்கும் விளம்பரத்தை நிறுத்த எதற்கு ஒன்றரை ஆண்டு?

நிறுவனங்கள் தாங்களாகவே கொண்டுவந்த ஏற்பாடுகளில் குறிப்பிடத்தக்கது, இன்ஸ்டாகிராமின் பதின்வயதுக் கணக்கு. 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. கணக்கு தொடக்கத்திலேயே பிரைவேட்டாக இருக்கும். பிள்ளை ஃபாலோ செய்யாதவரும் ஏற்கெனவே தொடர்பில்லாதவரும் செய்தி அனுப்ப முடியாது. இரவு பத்து முதல் காலை ஏழு வரை அறிவிப்பு வராது. பதினாறுக்குக் கீழே உள்ளவர் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். இதில் நல்லது இருக்கிறது. பூட்டித் தந்துவிட்டு, வேண்டுமானால் திறந்துகொள் என்பதே சரியான முறை. பிரிட்டன் 2021-லிருந்து இதை நிறுவனங்களின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது.

பூட்டித் தருவது ஏன் முக்கியம் என்பதை கிராமப்புறக் கல்வி நிலையை ஆராயும் ‘அசர்’ அமைப்பின் 2024 ஆய்வு காட்டுகிறது. நாட்டின் கிராமப்புறங்களில் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 76 சதவீதம் பேர் ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தியிருந்தனர். படிப்புக்காகப் போனைத் தொட்டவர்கள் 57 சதவீதம். ஊடகத்தில் இருந்தவர்களில் ஒருவரை பிளாக் செய்யவோ புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம், கணக்கை பிரைவேட் ஆக்கத் தெரிந்தவர்கள் 55 சதவீதம். ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்றே தெரியாத வீட்டில் இருக்கிறார்கள். புறநகர்ப் பிள்ளைகள் இன்னும் கெட்டிக்காரர்கள் என்று நாம் நம்பலாம். அந்த நம்பிக்கையின் மேல் பாதுகாப்பைக் கட்ட முடியாது.

நிறுவனத்தின் பூட்டு திறந்துகொள்வதும் அதே பழைய இடத்தில்தான், வயது. கணக்குத் திறக்க நிறுவனங்கள் வைத்திருக்கும் பதின்மூன்று வயது என்ற எல்லையே குழந்தை மனநலத்தை ஆராய்ந்து வந்ததில்லை. பதின்மூன்றுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களைப் பற்றி அமெரிக்கா 1998-ல் போட்ட சட்டத்திலிருந்து வந்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் 2021 ஆய்வில், பத்து வயதுப் பிள்ளைகளிலேயே 37.8 சதவீதம் பேருக்கு ஃபேஸ்புக் கணக்கு இருந்தது; 24.3 சதவீதம் பேருக்கு இன்ஸ்டாகிராம். வயது முத்திரை சில நேரம் எதிராகவே வேலை செய்கிறது. பப்ஜி விளையாட்டை நேரலையில் காட்டியபடி ஆபாசமாகப் பேசியதாக 2021 ஜூனில் யூடியூபர் மதன் கைதானாரே, அவருடைய ஒரு சேனலின் பெயரிலேயே ‘18+’ இருந்தது. அதைப் பார்த்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். எச்சரிக்கைப் பலகை அழைப்பிதழாகிவிட்டது.

பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொள்வது, உளவு பார்க்கும் செயலியைப் போட்டுவைப்பது ஆகியவற்றை அதிகம் பேச வேண்டியதில்லை. பத்து வயதில், பிள்ளைக்குத் தெரிந்தே செய்தால் சரி. பதினைந்து வயதில் ரகசியமாகச் செய்தால், பிள்ளை அதைக் கண்டுபிடிக்கும் நாளிலேயே இரண்டாவது ஐடி பிறந்துவிடும். அந்த இரண்டாவது ஐடியைப் பற்றி அது யாரிடமும் சொல்லாது.

காவல் துறையின் பக்கம் மாற்றம் வந்திருக்கிறது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். குழந்தைகளின் ஆபாசப் படங்கள் பரிமாறப்பட்டால் அமெரிக்க அமைப்பு ஒன்று திரட்டும் தகவல், 2019-ல் போட்ட ஒப்பந்தத்தின்படி, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வழியாக மாநிலங்களுக்கு வருகிறது. அந்த ஆண்டு டிசம்பரில் திருச்சியில் இந்தத் தகவலை வைத்து ஒருவர் கைதானார். அப்போது பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றத் தடுப்புப் பிரிவின் தலைவராக இருந்து எச்சரிக்கை விடுத்த எம். ரவிதான், 2022 ஜனவரி 1-ல் தொடங்கிய எங்கள் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் முதல் ஆணையர். அம்பத்தூரில் இதே வழியில் பதிவான ஒரு வழக்கை, அத்தகைய படங்களைத் தனியாகப் பார்ப்பது குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, அத்தகைய படத்தை அழிக்காமலும் புகாரளிக்காமலும் வைத்திருப்பது எப்போது குற்றமாகும் என்பதை விளக்கியது. படங்களைத் தடுக்கும் தொழில்நுட்பமும் வந்துவிட்டது. 2023-ல் தொடங்கிய ‘டேக் இட் டவுன்’ சேவையில், பதினெட்டுக்குக் கீழே எடுக்கப்பட்ட தன் படத்தைப் பிள்ளை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படத்தின் கைரேகை போன்ற ஓர் எண்தொடர் மட்டும் போனிலிருந்து போகும்; அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அந்தப் படத்தைத் தேடித் தடுக்கும். நம் பள்ளிகளில் எத்தனை ஆசிரியர்களுக்கு இது தெரியும்?

எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து என் முடிவைச் சொல்கிறேன். பதின்மூன்றுக்குக் கீழே கணக்கே கூடாது. அதை உறுதி செய்யும் பொறுப்பும் தவறினால் அபராதமும் ஆஸ்திரேலியாவில் போல நிறுவனத்துக்கே. பதின்மூன்றிலிருந்து பதினாறு வரை முழுத் தடையை நான் ஆதரிக்கவில்லை. அந்த வயதுக்குப் பூட்டிய கணக்கு, முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாத கணக்கு, நிறுவனத்தின் தயவாக இல்லாமல் சட்டக் கடமையாக வர வேண்டும். வாட்ஸ்அப்பும் விளையாட்டுச் செயலிகளின் அரட்டையும் அதற்குள் வர வேண்டும். பதினெட்டு வரை பெற்றோர் சம்மதம் என்பதைப் பதினாறாகக் குறைக்கலாம். கண்காணிப்புக்கும் விளம்பரத்துக்கும் உள்ள தடையை மட்டும் பதினெட்டு வரை அப்படியே வைத்து, உடனே அமலுக்குக் கொண்டுவர வேண்டும். புகார் கொடுத்த பிள்ளையின் அடையாளத்தை வெளியிடும் அதிகாரி மீது, இழப்பீட்டை அரசு கட்டிவிட்டதோடு விடாமல், போக்சோ சட்டத்தின்படி தனிப்பட்ட நடவடிக்கை வர வேண்டும்.

இவை அரசு செய்ய வேண்டியவை. எப்போது நடக்கும் என்பது நம் கையில் இல்லை. ஒன்று மட்டும் அஸ்தினாபுரத்தில் இன்றிரவே நடக்கலாம். மிரட்டல் வந்தது என்று பிள்ளை சொன்னதும் நாம் செய்யும் முதல் காரியம் போனைப் பிடுங்குவது. இரண்டாவது, ‘நீ ஏன் படம் அனுப்பினே?’ என்று கேட்பது. இந்த இரண்டும் நடக்கும் என்று தெரிந்துதான் பிள்ளை வாய் திறப்பதில்லை. உங்கள் பிள்ளையை உட்காரவைத்து, சிக்கல் எதுவும் இல்லாத நேரத்திலேயே ஒரு வாக்குக் கொடுங்கள்: என்ன நடந்திருந்தாலும், நீயே தப்பு செய்திருந்தாலும், வந்து சொன்னால் போனைப் பிடுங்க மாட்டேன், அடிக்க மாட்டேன், உன் பக்கம் நிற்பேன் என்று. சொன்ன பிறகு பணம் கொடுக்காதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1098-க்கோ 1930-க்கோ கூப்பிடுங்கள். வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள்.